காருக்கு டி.ஆர்.எல் மாத்தப் போறீங்களா? முதல்ல அந்த மூணாவது வயரைப் பாருங்க!

திருவண்ணாமலை செங்கம் ரோட்டில், ரமணாசிரமம் பக்கமா ஒரு சாயங்கால நேரம் போயிருக்கீங்களா? சேஷாத்ரி ஆசிரமம், ரமணாசிரமம், அதைத் தாண்டி எமலிங்கம்னு ரோட்டோரமாவே செருப்பில்லாமல் மக்கள் நடந்துகிட்டு இருப்பாங்க. டீக்கடை, பூக்கடை, சைக்கிளில் போகும் வெளிநாட்டுக்காரர்கள், குறுக்கே வரும் மாடு, நடுரோட்டில் தூங்கும் நாய்... இத்தனைக்கும் நடுவில், கிருஷ்ணகிரியையும் திண்டிவனத்தையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலையின் போக்குவரத்தும் இதே ரோட்டில்தான். வீக் எண்ட் வந்துட்டா பெங்களூரு பதிவெண் கார்கள் வரிசை கட்டும்.

அந்த வரிசையில் வரும் கார்களின் முகத்தைக் கொஞ்சம் கவனிங்க. ஒண்ணு புருவம் மாதிரி, இன்னொண்ணு 'எல்' வடிவத்தில், வேறொண்ணு ஐஸ் நீலத்தில், சிலது வரிசையா ஓடுற மாதிரி. பகலில் எரியும் விளக்கு, அதாவது டி.ஆர்.எல். இப்போ ஒரு காரின் வயசைச் சொல்றதே இந்த விளக்குதான்னு ஆகிடுச்சு. பல மாடல்களில் இது டாப் வேரியன்ட்டில் மட்டும்தான் வரும். பேஸ் வேரியன்ட் வாங்கினவங்களுக்கு மனசு கேட்குமா? நேரா ஆக்சஸரீஸ் கடைக்குப் போயிடுறாங்க.

ஆசைப்படுறதில் தப்பே இல்லை பாஸ். ஆனா இந்த விளக்கை எப்படி இணைக்கிறோம்கிறதைப் பொறுத்து, எதிரே நடந்து வர்றவரின் கண்ணும், உங்க பேட்டரியும், இன்ஷூரன்ஸும் பாதிக்கப்படலாம். அதனால கடைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு அஞ்சு நிமிஷம் இதைப் படிச்சிடுங்க.

இது எங்கிருந்து வந்தது?

டி.ஆர்.எல் ஸ்டைலுக்காகப் பிறந்தது இல்லை. சூரியன் தலைக்கு மேலே வராமல் அடிவானத்திலேயே சுத்திட்டுப் போயிடுற வட ஐரோப்பிய நாடுகளில், பகலிலேயே எதிரில் வரும் வண்டி சரியாத் தெரியாது. பின்லாந்து 1972-ல் குளிர்கால நெடுஞ்சாலைப் பயணத்துக்குப் பகல் விளக்கைக் கட்டாயமாக்கியது. ஸ்வீடன் 1977-ல் ஆண்டு முழுக்க எரியணும்னு சொல்லிடுச்சு. கனடாவில் 1989 டிசம்பர் முதல் தயாரான புது வண்டிகளுக்கு இது கட்டாயம். ஐரோப்பிய ஒன்றியம் 2011 பிப்ரவரி 7-லிருந்து புதிதாக அறிமுகமாகும் கார் மாடல்களுக்குக் கட்டாயமாக்கியது.

நம்ம ஊரில் இதன் தம்பி ஒருத்தர் இருக்கார். 2017 ஏப்ரல் 1 முதல் வந்த பைக், ஸ்கூட்டரில் ஹெட்லைட்டை அணைக்கிற ஸ்விட்ச்சே இல்லை, கவனிச்சீங்களா? 'பகல்லயே லைட் எரியுது'ன்னு ரோட்டில் கை காட்டிச் சொன்னவங்க எத்தனை பேர்! அதுவும் இதே காரணத்துக்காகத்தான். பைக்கில் வர்றவர் மத்தவங்க கண்ணில் படணும்.

அப்புறம்தான் ஸ்டைல் உள்ளே வந்தது. 2000-ல் பி.எம்.டபிள்யூ தன் 5 சீரிஸில் ஹெட்லைட்டைச் சுத்தி வெள்ளை வளையம் வெச்சது. 'ஏஞ்சல் ஐஸ்'னு நம்ம கடைகளில் விக்கிறதுக்கு மூலம் அதுதான். பிறகு ஆடி கார்கள் எல்.இ.டி மணிகளைக் கோர்த்து வெச்ச மாதிரி டி.ஆர்.எல்லோடு வந்தன. அதிலிருந்து விளக்கே காரின் கையெழுத்து ஆகிடுச்சு.

400 மெழுகுவத்தி!

ஹெட்லைட்டின் வேலை, நமக்கு ரோட்டைக் காட்டுறது. டி.ஆர்.எல்லின் வேலை, நம்மை மத்தவங்களுக்குக் காட்டுறது. பெரும்பாலான குழப்பத்துக்குக் காரணம் இந்த வித்தியாசம் தெரியாததுதான்.

லோ பீம் ஹெட்லைட்டில் வெளிச்சத்துக்கு மேலே ஒரு கோடு கிழிச்ச மாதிரி வெட்டு இருக்கும். வெளிச்சம் ரோட்டில் விழும், எதிரே வர்றவர் கண்ணுக்கு ஏறாது. டி.ஆர்.எல்லில் அந்த வெட்டு கிடையாது. எதிரே இருப்பவர் கண்ணில் படணும்கிறதுக்காகவே செய்த விளக்காச்சே!

எவ்வளவு வெளிச்சம்? ஐ.நா. வாகன விதி 87-ன்படி ஒவ்வொரு டி.ஆர்.எல்லும் நேர் முன்னால் குறைந்தது 400 கேண்டெலா, அதிகபட்சம் 1,200 கேண்டெலா. ஒரு மெழுகுவத்திச் சுடர் ஏறக்குறைய 1 கேண்டெலா. அப்போ கணக்குப் போட்டுக்கோங்க, ஒரு பக்கத்துக்கு 400 முதல் 1,200 மெழுகுவத்தி! திருவண்ணாமலை மதிய வெயிலில் இது ஒண்ணுமே இல்லை. வெயிலோடு போட்டி போடத்தான் இவ்வளவு. ஆனா ராத்திரியிலும் அதே அளவில் எரிஞ்சா?

அதனாலதான் கம்பெனி காரில், ஹெட்லைட்டைப் போட்டதும் டி.ஆர்.எல் தானா அணையும், இல்லைன்னா மங்கிப்போய் பார்க் லைட்டா மாறிடும். முன்பக்க பார்க் லைட்டுக்கு ஐ.நா. விதியில் உச்ச அளவு 140 கேண்டெலா. அதாவது டி.ஆர்.எல்லின் உச்சத்தில் எட்டில் ஒரு பங்குக்கும் குறைவு.

மூணாவது வயர்

இப்போ தலைப்புக்கு வருவோம். ஓரளவு நல்ல டி.ஆர்.எல் கிட் வாங்கினா, கூட ஒரு சின்ன கன்ட்ரோல் பெட்டி இருக்கும். அதிலிருந்து ஒரு வயர் பேட்டரி பாசிட்டிவுக்கு, இன்னொண்ணு எர்த்துக்கு. மூணாவதா ஒண்ணு இருக்கும். அது பார்க் லைட் லைனில் சேர வேண்டிய வயர். பார்க் லைட்டையோ ஹெட்லைட்டையோ போட்டதும் அந்த வயரில் கரன்ட் வரும். 'ஓ, இருட்டிடுச்சு'ன்னு பெட்டி புரிஞ்சுக்கிட்டு டி.ஆர்.எல்லை மங்க வைக்கும், இல்லைன்னா அணைக்கும்.

அந்த மூணாவது வயரை இணைக்கலைன்னாலும் விளக்கு ஜம்முனு எரியும். அதுதான் சிக்கலே. வேலையைச் சீக்கிரம் முடிக்கிற அவசரத்தில் அதைச் சுத்தி டேப் ஒட்டி விட்டுட்டா, பகலில் ஒரு வித்தியாசமும் தெரியாது. நீங்களும் சந்தோஷமா வண்டியை எடுத்துட்டு வந்துடுவீங்க. ராத்திரி எதிரே வர்றவருக்குத்தான் தெரியும்.

அந்த எதிரே வர்றவர் யார்னு யோசிங்க. கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். அதில் இந்தச் செங்கம் ரோட்டுப் பகுதியும் அடக்கம். பௌர்ணமி அன்னிக்குப் போலீஸ் வண்டிகளைத் திருப்பி விடுவாங்க, சரி. மத்த நாளில்? தினமும் ராத்திரி நடக்கிறவங்க இருக்காங்க. நம்ம கண் இருட்டுக்கு முழுசாப் பழக 20, 30 நிமிஷம் ஆகும். ஒரு பளீர் வெளிச்சம் பட்டா அந்தப் பழக்கம் சில நொடியில் போயிடும். வயசானவங்களுக்குத் திரும்பி வர இன்னும் அதிக நேரம் எடுக்கும். வெறுங்காலோடு நடக்கிற ஒரு அறுபது வயசு அம்மாவுக்கு அந்தச் சில நொடிகளில் கல் தெரியாது, பள்ளம் தெரியாது. உங்க காருக்குப் பின்னாடி வர்ற பைக்கும் தெரியாது.

ஒருகாலத்தில் ஹெட்லைட் நடுவில் போலீஸ்காரங்க கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டினது ஞாபகம் இருக்கா? எல்லாம் இந்தக் கண் கூச்சத்துக்குத்தான்.

இதுக்கு நேர் எதிரான ஆபத்தும் ஒண்ணு இருக்கு. டி.ஆர்.எல் எரியும்போது பல கார்களில் பின்பக்க விளக்கு எரியாது. முன்னாடி பளிச்னு வெளிச்சம் இருக்கிறதால, இருட்டின பிறகும் ஹெட்லைட் போட மறந்துடுறோம். பின்னாடி வர்ற லாரிக்கு உங்க கார் ஒரு கறுப்பு நிழல் மட்டும்தான். சாயங்காலம் 6 மணி ஆச்சா, ஸ்விட்ச்சைத் திருப்புங்க. இந்தப் பழக்கத்தை மட்டும் விட்டுடாதீங்க.

ஃப்யூஸ் இல்லாத வயர், பற்றவைக்காத திரி

அடுத்தது, வயரிங். சாவியை எடுத்த பிறகும் டி.ஆர்.எல் எரிஞ்சுகிட்டே இருக்கிற மாதிரி நேரா பேட்டரியில் கொடுத்தா என்ன ஆகும்? ஒரு பக்கத்துக்கு 10 வாட், ரெண்டு பக்கமும் சேர்த்து 20 வாட். 12 வோல்ட்டில் இது சுமார் 1.7 ஆம்பியர். பத்து மணி நேரம் எரிஞ்சா 17 ஆம்பியர்-அவர். சின்ன கார்களில் வர்ற 35 ஆம்பியர்-அவர் பேட்டரியில் ஏறக்குறைய பாதி காலி! காலையில் வண்டியைத் தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ணணும்.

நல்ல கிட்டுகளில் சில, பேட்டரி வோல்டேஜைப் பார்த்தே முடிவு பண்ணும். எஞ்சின் ஓடாதபோது பேட்டரி சுமார் 12.6 வோல்ட்டில் இருக்கும். எஞ்சின் ஓடி ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏத்தும்போது 13.5-க்கு மேலே போகும். அதை வெச்சு விளக்கைப் போடும், அணைக்கும். இல்லைன்னா சாவி போட்டா மட்டும் கரன்ட் வர்ற லைனிலிருந்து ரிலே வழியா எடுக்கணும்.

பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃப்யூஸ் கட்டாயம் வேணும். இந்த வேலைக்கு 3 அல்லது 5 ஆம்பியர் போதும். 'எல்.இ.டி தானே சார், அதுக்கு எதுக்கு ஃப்யூஸ்?'னு யாராவது கேட்டா நம்பாதீங்க. ஃப்யூஸ் விளக்கைக் காப்பாத்த இல்லை, வயரைக் காப்பாத்த. பம்பருக்குள்ளே ஓடும் வயர் அதிர்வில் தகரத்தில் உரசி, மேல்தோல் கிழிஞ்சு பாடியில் பட்டதுன்னு வைங்க. கார் பேட்டரி நூத்துக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். மெல்லிசு வயர் பழுக்கக் காய்ஞ்சு, பக்கத்தில் இருக்கிற பிளாஸ்டிக்கையும் பற்ற வைக்கும். சில ரூபாய் ஃப்யூஸ் இருந்திருந்தா, அந்த நொடியிலேயே அறுந்து கதையை முடிச்சிருக்கும்.

ஏஞ்சல் ஐஸ் போடுறதுக்காக ஹெட்லைட்டையே சூடு பண்ணிப் பிரிக்கிறாங்களே, அது இன்னும் யோசிக்க வேண்டிய விஷயம். கம்பெனி சீல் ஒரு தடவை போச்சுன்னா, திரும்ப அதே மாதிரி ஒட்டுறது கஷ்டம். கார்த்திகை தீபம் வர்றதே மழைக்காலத்தில்தான். அந்த ஒரு மழையில் கண்ணாடிக்குள்ளே பனி மூடின மாதிரி தண்ணி கட்டும். அப்புறம் முழு செட்டையே மாத்த வேண்டியதுதான்.

சட்டம் என்ன சொல்லுது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து மாறுபடுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாதுன்னு சொல்லுது. கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செஞ்சது. அதே ஆண்டு சட்டத்தில் சேர்த்த 182ஏ பிரிவின்படி, அனுமதி இல்லாத மாற்றம் செய்த வண்டி உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது ரெண்டுமே. ரெண்டு மாற்றம்னா 10,000 ரூபாய்!

நிறத்தில் விளையாடவே கூடாது. வண்டியின் முன்பக்கம் சிவப்பு விளக்கு தெரியக் கூடாது. மின்னும் சிவப்பு, நீல விளக்குகள் ஆம்புலன்ஸ், தீயணைப்பு, போலீஸ் மாதிரி அவசர வேலைக்கானவை. போன் ஆப்பில் கலர் மாத்துற கிட், ஃபிளாஷ் அடிக்கிற கிட் எல்லாம் ரீல்ஸில் பார்க்க நல்லாத்தான் இருக்கும். ரோட்டில் பிடிச்சா பதில் சொல்ல முடியாது. டி.ஆர்.எல்னா வெள்ளை. அவ்வளவுதான்.

இன்ஷூரன்ஸ், வாரன்ட்டி ரெண்டையும் மறந்துடாதீங்க. கம்பெனி வயரிங்கை வெட்டி ஒட்டின இடத்தில் கோளாறு வந்தா வாரன்ட்டி மறுக்கப்படலாம். தீ விபத்துன்னா சர்வேயர் முதலில் தேடுறதே வெளியில் பொருத்தின வயரிங்கைத்தான்.

அப்போ என்னதான் செய்யறது?

* முதல் வழி: உங்க மாடலுக்கே கம்பெனி தர்ற டி.ஆர்.எல் ஆக்சஸரீஸ் பட்டியலில் இருக்கான்னு டீலரிடம் கேளுங்க. விலை கூடத்தான் இருக்கும். ஆனா பில், வாரன்ட்டி, சரியான கப்ளர் எல்லாம் கிடைக்கும்.
* போட்டதை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவிச்சு, பாலிசியில் எலெக்ட்ரிக்கல் ஆக்சஸரீஸா சேர்த்துடுங்க. அதுக்குத் தனிப் பிரீமியம் கட்டணும்.
* ஒரிஜினல் வயரை வெட்ட விடாதீங்க. கப்ளரில் செருகுற மாதிரி கிட் இருந்தா அதையே கேளுங்க.
* ஐ.நா. விதிப்படி டி.ஆர்.எல் தரையிலிருந்து 25 சென்டிமீட்டருக்குக் கீழேயும், ஒன்றரை மீட்டருக்கு மேலேயும் இருக்கக் கூடாது. ரெண்டுக்கும் நடுவில் குறைந்தது 60 சென்டிமீட்டர் இடைவெளி வேணும். கிரில்லுக்குள்ளே ஒட்டுற பட்டை விளக்கு இதில் சேராது.
* ஏற்கெனவே இருக்கிற டி.ஆர்.எல் பிடிக்கலையா? வெளிச்சத்தைக் கூட்டுறதைவிட, மங்கிப்போன கண்ணாடியை பாலீஷ் பண்ணிப் பாருங்க. பாதி ஆசை அதிலேயே தீர்ந்துடும்.

ஏற்கெனவே போட்டுட்டீங்களா? இன்னிக்கு ராத்திரியே ஒரு டெஸ்ட். காரை ஒரு சுவருக்கு எதிரே நிறுத்தி எஞ்சினை ஓட விடுங்க. முதலில் டி.ஆர்.எல் மட்டும். பிறகு ஹெட்லைட்டைப் போடுங்க. டி.ஆர்.எல் மங்குதா, அணையுதா? ரெண்டில் ஒண்ணு நடந்தா சரி. அப்படியே பளீர்னு நின்னுச்சுன்னா மூணாவது வயர் சும்மா தொங்குதுன்னு அர்த்தம். அப்புறம் எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துட்டு, அஞ்சு நிமிஷம் கழிச்சு வந்து பாருங்க. இன்னும் எரியுதா? நாளைக்குக் காலையில் முதல் வேலையா போட்ட கடைக்கே வண்டியை விடுங்க. போனதும் ஸ்டைலா கேளுங்க: "அண்ணே, அந்த மூணாவது வயரை எங்கே விட்டீங்க?"