கணக்குக் கேட்போம்

நாமக்கல்லில் லாரிக் கூண்டு கட்டுவோரும் சேலத்தில் வெள்ளிக் கொலுசு செய்வோரும் கணக்கரை நம்பியே வரிக் கணக்கை ஒப்படைக்கின்றனர். அவர் பொய்த்தால் யார் பொறுப்பு? 2017 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டம் உரிமையாளரையே பிடிக்கும். மாதக் கணக்குத் தாக்கல் செய்வோர் 20ஆம் தேதியைத் தவறவிட்டால், கட்டாத வரிக்கு ஆண்டுக்கு 18 விழுக்காடு வட்டியோடு தாமதக் கட்டணமும் சேரும். தொடர்ந்து 6 மாதம் தவறினால் பதிவே ரத்தாகலாம்.

ஆதலின் "கட்டிவிட்டேன்" என்னும் வாய்ச்சொல்லோடு நில்லாது, செலான் நகலைக் கேட்டு வாங்குவோம். வரித்துறையின் இணையதளத்தில் நம் பதிவு எண்ணை இட்டால், எம்மாதக் கணக்குகள் தாக்கலாயின என்பது விளங்கும். அங்கே பதிவாகும் கைப்பேசி எண் நம்முடையதாகவே இருக்கட்டும்.

லூக்கா நற்செய்தி 16ஆம் அதிகாரத்துச் செல்வர், உடைமை பாழாவதாகப் பிறர் சொன்ன பின்னரே பொறுப்பாளரிடம் கணக்குக் கேட்டார். நாம் மாதந்தோறும் கேட்போம். நேர்மையான கணக்கருக்கும் அதுவே பாதுகாப்பு.