புல்லைத் தொலைத்த பள்ளத்தாக்கு

ஊட்டியிலிருந்து எமரால்டு வழியாக அவலாஞ்சி போகிற சாலையில், வெளியூர்க் கார்கள் தவறாமல் நிற்கும் வளைவுகள் சில உண்டு. கீழே தேயிலை, அதற்குமேல் அடுக்கடுக்காகக் கேரட் வயல், உச்சிவரை கற்பூர மரமும் சீகை மரமும். “எங்கே பார்த்தாலும் பச்சை” என்று வியந்து படம் எடுத்துக்கொள்வார்கள். குந்தா பக்கம் பிறந்து வளர்ந்த எனக்கு அந்தப் பச்சைதான் துக்கம். அந்தப் படத்தில் விழும் செடியும் மரமும் 200 ஆண்டுகளுக்கு முன் இந்த மலையில் இல்லை. கற்பூர மரம் என்று நாங்கள் சொல்லும் யூகலிப்டஸும், சீகை என்று சொல்லும் வாட்டிலும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவை. தேயிலை, கேரட், உருளைக்கிழங்கு எல்லாம் வெள்ளைக்காரர் காலத்தில் மலையேறியவை. இவற்றுக்கு அடியில் புதைந்துபோன பள்ளத்தாக்குதான் என்னுடைய ஊர்.

அது எப்படி இருந்தது என்று பார்க்க, மிச்சமிருக்கும் முக்குருத்தி தேசியப் பூங்காவுக்குத்தான் போகவேண்டும். 78 சதுர கிலோமீட்டர் சொச்சம் பரப்பு. சரிவு முழுக்கப் புல். இரண்டு சரிவுகள் சேரும் மடிப்புகளில் மட்டும் அடர்ந்து குட்டையாகச் சோலை. பள்ளத்தின் அடியில் கோரையும் பாசியும் மண்டிய சதுப்பு. சோலை முடியும் இடமும் புல் தொடங்கும் இடமும் கோடு கிழித்தமாதிரி இருக்கும். நடுவே இளமரம் என்று ஒன்றும் இருக்காது.

அந்தக் கோட்டைக் கிழிப்பதில் பெரிய பங்கு உறைபனிக்கு. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, மேகமில்லாத இரவுகளில், நிலம் பகலில் வாங்கிய வெப்பத்தை மளமளவென்று இழக்கிறது. குளிர்ந்த காற்று கனத்துச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். விடியும்போது புல்நுனியெல்லாம் வெள்ளை. சோலைக்கு வெளியே துணிந்து முளைத்த மரக்கன்று ஒன்றை அப்போது பார்க்கவேண்டும். இலைக்குள் நீர் உறைந்து செல்சவ்வுகள் கிழிந்திருக்கும். வெயில் ஏறியதும் இலை கறுத்துத் தொங்கிவிடும். பக்கத்திலுள்ள புல்லுக்கு அந்த ஆபத்து குறைவு. அதன் வளர்முனை தரையோடு தரையாக, பழைய தாள்களின் கொத்துக்குள் பத்திரமாக இருக்கிறது. நுனி கருகினாலும், வரையாடு மேய்ந்தாலும், தீ ஓடினாலும் அடியிலிருந்து தளிர்க்கும். மரங்களில் காட்டுப்பூவரசு ஒன்றுதான் இந்தப் புல்வெளியில் தனியாக நின்று, சிவப்பாகப் பூத்துக் காட்டுகிறது.

ஒரு காலத்தில் மலை முழுக்கக் காடாக இருந்தது, மனிதர்கள் எரித்ததால்தான் புல் வந்தது என்று வாதிட்டவர்கள் உண்டு. அதற்குப் பதில் சதுப்பில் கிடைத்தது. சதுப்பில் விழும் இலையும் புல்லும் முழுக்க மக்குவதில்லை. ஆண்டுக்காண்டு படிந்து கரிய முற்றாநிலக்கரி அடுக்குகளாகின்றன. மரங்களும் வெப்பமண்டலப் புற்களும் காற்றிலுள்ள கார்பனை வேறுவேறு வழியில் உள்வாங்குவதால், கார்பனின் கனமான வகை இரண்டிலும் ஒரே அளவில் இருக்காது. ஒவ்வோர் அடுக்கிலும் அந்த அளவைப் பார்த்தால், அது படிந்த காலத்தில் இங்கே எவ்வகைத் தாவரம் ஓங்கியிருந்தது என்று தெரியும். ராமன் சுகுமாரும் சக ஆய்வாளர்களும் நீலகிரிச் சதுப்புகளில் இப்படிச் செய்த ஆய்வு 1993-ல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், பருவமழை மெலிந்திருந்தபோது இங்கே புல்லே ஓங்கியிருந்தது. சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன் மழை வலுத்தபோது மற்றத் தாவரங்கள் மேலோங்கின. பிறகு மறுபடி மாறியது. ஆக, இந்தப் புல் மனிதன் உழுது எரித்து உண்டாக்கியதல்ல. மழையோடும் குளிரோடும் தானாகவே கணக்குத் தீர்த்துக்கொண்டு வந்த பழைய குடி அது.

ஆங்கிலேய அதிகாரிகளின் கண்ணுக்கு அது வெற்று நிலமாகத்தான் பட்டது. ஜான் சல்லிவன் 1820-களில் ஊட்டியை உருவாக்கியபின் விறகுத் தேவை பெருகியது. 1843-ல் கற்பூர மரம் வந்தது, சீகையும் வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகும் பார்வை மாறவில்லை. தோல் பதனிடச் சீகைப் பட்டை, செயற்கை இழைக்குக் கற்பூர மரக்கூழ் என்று புல்வெளிமீது பெரிய அளவில் மரம் நட்டார்கள். மரம் நட்டால் நல்லது என்ற நம்பிக்கை இன்றும் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. இந்த மலையைப் பொறுத்தவரை அது தவறு.

தண்ணீர்க் கணக்கே அதைச் சொல்லிவிடும். கிளன்மார்கனில் அருகருகே இருந்த இரண்டு சிறிய புல்வெளி நீர்ப்பிடிப்புகளை மண்வள விஞ்ஞானிகள் ஆண்டுக்கணக்கில் அளந்தார்கள். ஒன்றைப் புல்லாகவே விட்டு, மற்றதன் பாதிக்கு மேற்பட்ட பரப்பில் 1972-ல் கற்பூர மரம் நட்டார்கள். முதல் 10 ஆண்டுச் சுற்றில் மரம் நட்ட பக்கத்தில் ஓடிவரும் நீர் சுமார் 16 சதவீதம் குறைந்தது. வெட்டிய அடியிலிருந்து மரம் மீண்டும் தழைத்த இரண்டாம் சுற்றில் குறைவு ஏறக்குறைய கால் பங்கு. மரத்தின் வேர் ஆழத்திலிருந்து உறிஞ்சி ஆண்டு முழுக்க இலை வழியே நீரை ஆவியாக்குகிறது. புல்லோ பனிக்காலத்தில் காய்ந்து அடங்கிவிடும். அப்படி மிஞ்சும் நீர் மண்ணுக்குள் இறங்கி, சதுப்பில் பஞ்சில் ஊறியதுபோல் தங்கி, கோடையில் கொஞ்சம் கொஞ்சமாக ஓடைக்கு வருகிறது. பைக்காரா மின்நிலையமும் குந்தாவின் அணைகளும் இந்த மலைநீரை நம்பித்தான் கட்டப்பட்டன. கீழே பவானிசாகரை நம்பி வயல் வைத்திருக்கும் ஈரோட்டு விவசாயிக்கும் இந்தப் புல்லோடு நேரடி உறவு உண்டு.

மிக வேகமாகத் தொலைந்தது சதுப்புதான். தட்டையான நிலம், கறுப்பு மண், கையெட்டும் தண்ணீர். காய்கறி போடுகிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்? நடுவே ஒரு வாய்க்கால் வெட்டினால் போதும், ஒரு கோடைக்குள் வடிந்து வயலாகிவிடும். அந்த விவசாயியை நான் குறை சொல்லமாட்டேன். சொந்தக்காரர்கள் பலர் அப்படிப் பயிர் செய்துதான் பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள். ஆனால் இந்த மலையின் பழங்குடிகளான தோடர்கள் தங்கள் கோவிலுக்குக் கூரை வேய்வது சதுப்பில் மட்டும் விளையும் ஒரு புல்லால். நீலகிரிக்கே உரிய அந்தப் புல்லைத் தேடி இன்று அவர்கள் தூரதூரமாக நடக்கவேண்டியிருக்கிறது. மழைநீரைத் தேக்கிவைப்பதும் அந்தச் சதுப்புதான். 2019 ஆகஸ்ட் 8 அன்று அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அவ்வளவு மழைக்கு எந்த நிலமும் முழுதாக ஈடுகொடுக்காது. ஆனாலும் வாய்க்கால் வெட்டிய பள்ளத்தால் அதைத் தேக்கிவைக்க முயலக்கூட முடியாது.

அரசு மரம் நடுவதை நிறுத்தியபின்னும் சீகை நிற்கவில்லை. ஒரு மரம் கொட்டும் விதை மண்ணுக்குள் 50 ஆண்டுவரை உயிரோடு கிடக்கும். தீ ஓடினால் மொத்தமாக முளைக்கும். புல்வெளியில்தான் முட்டையிடும் நீலகிரி நெட்டைக்காலி என்ற சின்னஞ்சிறு பழுப்புக் குருவி, மரம் ஏறிய சரிவை விட்டு ஒதுங்கிவிடுகிறது. குறிஞ்சிப் புதருக்கும் அங்கே இடமில்லை. பழனி மலையில் செயற்கைக்கோள் படங்களை வைத்துச் செய்து 2018-ல் வெளியான ஆய்வு, நாற்பது ஆண்டுகளில் மூன்றில் இரண்டு பங்கு புல்வெளி போய்விட்டது என்று காட்டியது. எங்கள் மலையிலும் நோய் அதே நோய்தான்.

வெட்டித் தள்ளினால் தீர்ந்ததா என்றால், இல்லை. பழைய சீகைத் தோப்பின் நிழலில் உறைபனி இறங்குவதில்லை. பக்கத்துச் சோலையிலிருந்து பறவைகள் கொண்டுவந்து போட்ட விதைகள் அங்கே முளைத்து, சோலைக்கன்றுகள் ஆளுயரம் நிற்கின்றன. அதை மொட்டையடித்தால் கன்றும் போகும், மண்ணும் போகும், சீகை மட்டும் திரும்ப வரும். எனவே பழைய தோப்பைக் கொஞ்சகாலம் விட்டுவிட்டு, புல்வெளியின் ஓரத்தில் புதிதாகப் பரவும் இளஞ்சீகையை முதலில் பிடுங்குவதே சரி என்று நினைக்கிறேன். பல ஆய்வாளர்களும் இதையே சொல்கிறார்கள். பிடுங்கிய இடத்தில் உள்ளூர்ப் புல்லின் தூரைப் பிரித்து நடலாம். சதுப்பு வாய்க்காலைக் கல்லாலும் புற்கரணையாலும் அடைத்தால் நீர் மறுபடி பரவும்.

அந்நியத் தாவரங்களை அகற்றத் தமிழக அரசு 2022-ல் தனிக் கொள்கையே வகுத்தது. அதில் மரம் வெட்டும் வேலைக்கு ஒப்பந்தக்காரர் கிடைப்பார், வெட்டிய மரத்துக்கு விலையும் கிடைக்கும். அதன்பிறகு ஒவ்வொரு மழைக்கும் முளைக்கும் சீகைக் கன்றைக் குனிந்து பிடுங்குகிற வேலைக்கு விலை கிடையாது. அது பத்து, இருபது ஆண்டு விடாமல் செய்யவேண்டிய வேலை. சரிவையும் புல்லையும் பெயர் சொல்லி அறிந்த தோடர், குறும்பர், படகர் இளைஞர்கள் கூலிக்காகக் கோவைக்கும் திருப்பூருக்கும் இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு மாதச் சம்பளம் கொடுத்து இந்தச் சரிவுகளை ஒப்படைக்க ஒரு நிரந்தர நிதி ஒதுக்கவேண்டும். அடுத்த தென்மேற்குப் பருவத்துக்குள் அதைத் தொடங்கினால், முக்குருத்திக்கு வெளியேயும் இன்னும் மூச்சுவிடும் புல்வெளித் துண்டுகளைப் பிடித்துவைத்துவிடலாம்.