முயல் சாப்பிடவில்லையா? நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள்

வீட்டில் முயல் வளர்க்கிறீர்களா? காலையில் கூண்டைத் திறந்ததும் அதன் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் தரையைப் பாருங்கள். புழுக்கை இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது, என்ன அளவில் இருக்கிறது? கேட்கவே ஒரு மாதிரி இருக்கலாம். ஆனால் முயலின் உடல்நிலையைத் தெரிந்துகொள்ள வீட்டில் இதைவிட நல்ல சோதனை கிடையாது. நலமாக இருக்கும் முயல் ஒரு நாளில் 200-க்கும் மேல் புழுக்கை போடும். உருண்டையாக, உலர்ந்து, உடைத்தால் உள்ளே நார் தெரியும். அது மிளகு அளவுக்குச் சிறுத்தாலோ, எண்ணிக்கை சட்டென்று குறைந்தாலோ, குடல் மெதுவாகிவிட்டது என்று அர்த்தம்.

நாய் ஒரு வேளை சாப்பிடாமல் படுத்திருந்தால் "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று விடுவோம். முயலிடம் அந்தக் கணக்கு செல்லாது. 12 மணி நேரம் தீனியைத் தொடாமல், புழுக்கையும் போடாமல் இருந்தால் அது அவசரநிலை. அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

ஏன் இவ்வளவு அவசரம்?

முயல் மாட்டைப் போலப் புல்தான் தின்கிறது. ஆனால் மாட்டைப் போல அசைபோடாது. அதற்கு வாந்தி எடுக்கவும் முடியாது. உள்ளே போனது குடல் வழியாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் குருட்டுக்குடல் என்று ஒரு பை உண்டு. நமக்கு அது சின்னது. முயலுக்கோ வயிற்றுக்குள் இருப்பதிலேயே பெரியது. அங்கே வாழும் நுண்ணுயிர்கள்தான் புல்லை நொதிக்க வைத்துச் சத்தாக மாற்றுகின்றன. அந்தச் சத்து பளபளப்பான, மெத்தென்ற சின்னத் திராட்சைக் கொத்து போல வெளியே வரும். முயல் குனிந்து அதை அப்படியே வாயில் எடுத்துத் தின்றுவிடும். "ஐயே, அசிங்கம்" என்று விரட்டாதீங்க. பி வைட்டமின்களும் புரதமும் அதற்குக் கிடைக்கிற வழிகளில் அதுவும் ஒன்று.

குடல் நகர்ந்துகொண்டே இருக்க நார் வேண்டும். நார் குறைந்தால் குடல் அசைவு குறையும். உள்ளே இருப்பது காய்ந்து இறுகும், வாயு சேரும், வலி வரும். வலி வந்தால் முயல் இன்னும் சாப்பிடாது. சாப்பிடாததால் குடல் இன்னும் மெதுவாகும். இந்தச் சுற்றில் மாட்டிய முயல் ஓரிரு நாளிலேயே இறந்துவிடக்கூடும்.

கேரட் கதை

முயல் என்றாலே கேரட் என்று கார்ட்டூன் பார்த்துப் பழகிவிட்டோம். கேரட்டில் சர்க்கரை அதிகம். எப்போதாவது ஒரு சின்னத் துண்டு போதும். வாழைப்பழம், ஆப்பிளுக்கும் அதே கணக்குதான். பிஸ்கட், பிரெட், சோறு, பொரி எதுவும் வேண்டாம். மாவுச்சத்தும் சர்க்கரையும் குருட்டுக்குடலில் கெட்ட கிருமிகளை வளர்க்கும்.

தட்டில் 80 சதவீதத்துக்கு மேல் புல்லாக இருக்க வேண்டும். ஆன்லைனில் விற்கும் திமோதி உலர்புல் விலை கூடுதல். கட்டுப்படியாகாவிட்டால் கவலை வேண்டாம். அருகம்புல்லையோ கம்பு நேப்பியர் புல்லையோ பூச்சிமருந்து அடிக்காத இடத்தில் அறுத்து, கழுவி, நிழலில் உலர்த்திக் கொடுக்கலாம். வைக்கோல் தரையில் பரப்ப நல்லது. அதையே முழு உணவாக்கினால் சத்து போதாது. குதிரைமசால், வேலிமசால் குட்டிகளுக்கு அருமையான தீவனம். வளர்ந்த முயலுக்குக் கொஞ்சமாகக் கொடுங்கள்; அவற்றில் சுண்ணாம்புச் சத்து அதிகம் என்பதால் சிறுநீர்ப்பையில் படிவு சேரும். கொத்தமல்லி, புதினா தினமும் ஒரு கைப்பிடி போடலாம். கடையில் வாங்கும் பெல்லட் தீவனம் ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நாளைக்கு 25 கிராமைத் தாண்ட வேண்டாம்.

புல் பல்லுக்கும் அவசியம். முயலின் பல் வாழ்நாள் முழுக்க வளரும். மெல்லுவதற்குப் புல் இல்லாவிட்டால் பல் தேயாமல் நீண்டு நாக்கையும் கன்னத்தையும் குத்தும். பசி இருந்தும் சாப்பிட முடியாமல் முயல் தட்டின் முன்னாலேயே உட்கார்ந்திருக்கும்.

எந்தத் தீனியையும் திடீரென்று மாற்றாதீர்கள். புதியதை ஒரு வாரமாவது பழையதோடு கலந்து பழக்குங்கள்.

பயந்தாலும் குடல் நிற்கும்

பலரும் யோசிக்காத விஷயம் இது. தீனியெல்லாம் சரியாக இருக்கும். ஆனாலும் தீபாவளிக்கு மறுநாள் முயல் மூலையில் குறுகி உட்கார்ந்திருக்கும். காட்டில் எல்லாருக்கும் இரையாகிற பிராணி இது. பயம் வந்தால் ஓடத் தயாராகிற உடம்பு, செரிமான வேலையை ஓரம்கட்டிவிடும். வெடிச்சத்தம், தெருநாய் கூண்டை முகர்வது, வீடு மாறுவது, கூட இருந்த ஜோடி இறந்துபோவது, குழந்தைகள் காதைப் பிடித்துத் தூக்குவது என எதுவும் காரணமாகலாம். காதைப் பிடித்துத் தூக்கவே கூடாது. மார்புக்கு ஒரு கை, பின்பக்கத்துக்கு ஒரு கை கொடுத்துத் தாங்குங்கள்.

நம்ம ஊரில் பெரிய எதிரி வெயில். முயலுக்கு வியர்க்காது, சூட்டைக் காது வழியாகத்தான் பெரும்பாலும் வெளியேற்றும். 30 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே அதற்குக் கஷ்டம். நம் சித்திரை, வைகாசியை நினைத்துப் பாருங்கள். மொட்டைமாடியிலோ தகரக் கூரைக்குக் கீழேயோ கூண்டை வைக்காதீர்கள். உறைய வைத்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிக் கூண்டுக்குள் வைத்தால் முயல் அதை ஒட்டிப் படுத்துக்கொள்ளும். குடிக்கத் தண்ணீர் எந்நேரமும் இருக்கட்டும்.

வலி இருந்தாலும் முயல் கத்தாது, காட்டிக்கொள்ளாது. கூனி உட்காருவது, பல்லை நறநறவென்று கடிப்பது, பிடித்த கொத்தமல்லியைக்கூட முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்வது: இவைதான் அது தருகிற அடையாளங்கள்.

போனில் முதலில் செய்ய வேண்டியது

முயல் நன்றாக இருக்கும்போதே, அதைப் பார்க்கிற மருத்துவமனை எது என்று விசாரித்து எண்ணைச் சேமித்து வையுங்கள். எல்லா கிளினிக்கிலும் முயல் பார்ப்பதில்லை. சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு, தலைவாசல், உடுமலைப்பேட்டை, தேனி ஆகிய இடங்களிலும் அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. புறநோயாளி நேரத்தையும், இரவில் மருத்துவர் இருப்பாரா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். 1962 கட்டணமில்லா எண் பெரும்பாலும் ஆடு, மாடுகளுக்கான நடமாடும் ஊர்திக்கானது. முயல் தீனியை விட்டுவிட்டால் வண்டிக்குக் காத்திராமல் கூடையில் வைத்து நீங்களே கிளம்புவதுதான் வேகம். கிளம்பும் முன் புழுக்கையையும், முயல் உட்கார்ந்திருக்கும் விதத்தையும் போனில் படம் எடுங்கள். கடைசியாக எப்போது சாப்பிட்டது என்பதையும் குறித்துக்கொண்டால் மருத்துவருக்குப் பாதி வேலை மிச்சம்.

வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். நாம் சாதாரணமாகச் சாப்பிடும் அமாக்சிசிலின், ஆம்பிசிலின் போன்றவை வாய்வழி போனால் குருட்டுக்குடலின் நல்ல கிருமிகளை அழித்து முயலின் உயிரையே வாங்கிவிடும். குடல் அடைத்திருக்கிறதா என்று தெரியாமல் வாயில் கஞ்சியைத் திணிப்பதும் ஆபத்து.

இன்னொன்று: கருத்தடைக்கோ வேறு அறுவைச் சிகிச்சைக்கோ அழைத்துப் போகும்போது, நாய்க்குச் சொல்வது போல "வெறும் வயிற்றில் கொண்டு வாங்க" என்று யாராவது சொல்லலாம். வாந்தி எடுக்காத முயலைப் பட்டினி போடத் தேவையில்லை. போட்டால் குடல்தான் நிற்கும். மருத்துவரிடமே நேராக ஒருமுறை கேட்டுவிட்டு, பையில் ஒரு கட்டுப் புல்லையும் எடுத்துப் போங்கள். மயக்கம் தெளிந்ததும் முதலில் கொடுக்க வேண்டியது அதுதான்.