காரை நம்பிய புறநகரில் பொதுப் போக்குவரத்து: இன்னிஸ்ஃபில், பிராம்ப்டன்

கார் இல்லாமல் அன்றாட வேலைகளைச் செய்துகொள்ள முடியாதபடி அமைந்த குடியிருப்பு ஊர்களைக் கார் சார்ந்த புறநகர்கள் என்கிறோம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவிலும் கனடாவிலும் பெருநகரங்களைச் சுற்றி இத்தகைய ஊர்கள் வேகமாக வளர்ந்தன. வீடுகள் ஒரு பக்கம், கடைகள் ஒரு பக்கம், அலுவலகங்களும் தொழிற்கூடங்களும் வேறொரு பக்கம் என்று நிலப் பயன்பாட்டு விதிகளே அவற்றைப் பிரித்து வைத்தன. பால் வாங்குவதற்கும் காரை எடுக்க வேண்டும்.

கார் ஓட்டுபவருக்கு இது ஒரு குறையாகவே தெரியாது. ஓட்டாதவர்களை எண்ணிப் பார்க்கும்போதுதான் விளங்கும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 16 வயதுக்குக் கீழ் பழகுநர் உரிமம்கூடக் கிடையாது. 80 வயதைத் தொட்டவர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கண் பரிசோதனையும் வகுப்பும் முடித்தே உரிமத்தைப் புதுப்பிக்க முடியும். டொராண்டோவைச் சுற்றியுள்ள புறநகர்களில் தமிழர்கள் பெருமளவில் வாழ்கிறார்கள். பிள்ளைகளிடம் வந்து சேர்ந்த பெற்றோரில் பலர் அறுபது வயதுக்கு மேல் பனிச்சாலையில் கார் பழகுவதில்லை. கோயிலுக்கோ மருத்துவரிடமோ போக, மகனுக்கோ மருமகளுக்கோ விடுமுறை வரும்வரை காத்திருக்கிறார்கள். வசதியான வீட்டில் இருந்தும் வாசலைத் தாண்ட வழியில்லாத நிலை அது.

அப்படியானால் பேருந்து விட்டால் போதாதா என்று கேட்கலாம். அதில் உள்ள சிக்கலுக்கும், இரண்டு ஊர்கள் அதற்குத் தேடிய இரு வேறு வழிகளுக்கும் இன்னிஸ்ஃபிலும் பிராம்ப்டனும் நல்ல எடுத்துக்காட்டுகள். இரண்டும் ஒன்டாரியோவில் டொராண்டோவுக்கு அருகே உள்ளவை.

காலிப் பேருந்தின் சிக்கல்

புறநகர்த் தெருக்கள் வளைந்து வளைந்து முட்டுச்சந்தில் முடிபவை. ஒவ்வொரு வீட்டுக்கும் அருகில் போக வேண்டுமென்றால் பேருந்து ஊரையெல்லாம் சுற்ற வேண்டும். காரில் பத்து நிமிடத்தில் போகும் தூரத்துக்கு முக்கால் மணி நேரம் ஆகும். ஆட்கள் ஏறமாட்டார்கள். ஆட்கள் இல்லை என்று மணிக்கு ஒரு வண்டியாகக் குறைப்பார்கள். இருந்த சிலரும் அதன்பின் போய்விடுவார்கள்.

நேரம் பார்க்காமல் நிறுத்தத்துக்குப் போகிறவர், இரண்டு வண்டிகளுக்கு இடையிலான நேரத்தில் சராசரியாகப் பாதியைக் காத்திருந்து கழிக்கிறார். மணிக்கு ஒரு வண்டி என்றால் 30 நிமிடம். பத்து நிமிடத்துக்கு ஒன்று என்றால் 5 நிமிடம். வண்டியின் வேகத்தைக் கூட்டி இந்த 25 நிமிடத்தை மிச்சப்படுத்துவது எளிதல்ல.

இன்னிஸ்ஃபில்: ஊபர் வந்த கதை

இன்னிஸ்ஃபில் டொராண்டோவுக்கு வடக்கே, சிம்கோ ஏரியின் மேற்குக் கரையில் உள்ள ஊர். 2016 கணக்கெடுப்பில் அங்கே சுமார் 36,500 பேர் இருந்தார்கள். பரப்பளவோ 260 சதுர கிலோமீட்டருக்கு மேல். அல்கோனா, ஸ்ட்ரவுட், லெஃப்ராய், குக்ஸ்டவுன் என்று குடியிருப்புகள் சிதறிக் கிடக்கின்றன, நடுவில் வயல்கள். ரயில் பாதை ஊர் வழியே போகிறது, ஆனால் நிற்கவில்லை. ரயில் ஏறப் பக்கத்து நகரமான பாரிக்குப் போக வேண்டும்.

பேருந்து விடலாமா என்று ஊராட்சி ஆராய்ந்தது. ஒரு பேருந்துக்கு ஆண்டுக்குச் சுமார் 2,70,000 கனடிய டாலர், இரண்டு என்றால் 6,10,000 டாலர் என்று மதிப்பீடு வந்தது. இவ்வளவு கொடுத்தும் ஊரின் ஒரு பகுதிக்குத்தான் பயன் கிடைக்கும். எனவே 2017 மே மாதம் ஊபர் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்து, பேருந்துக்குப் பதிலாக வாடகைக் காருக்கு மானியம் கொடுக்கத் தொடங்கினார்கள். முதல் கட்டத்துக்கு ஒதுக்கியது 1,00,000 டாலர். குறிப்பிட்ட பொது இடங்களுக்குப் போக 3 முதல் 5 டாலர் வரை நிலையான கட்டணம். மற்ற இடங்களுக்குக் கட்டணத்தில் 5 டாலர் தள்ளுபடி. மீதியை ஊராட்சி செலுத்தியது.

மக்களுக்குப் பிடித்திருந்தது. வீட்டு வாசலுக்கே வண்டி வருகிறதே! 2018 இல் சுமார் 86,000 பயணங்கள் நடந்தன. ஊராட்சியின் செலவு ஏறத்தாழ 6,40,000 டாலர். இரண்டு பேருந்துகளுக்கான மதிப்பீட்டையே அது தாண்டிவிட்டது. 2019 ஏப்ரலில் நிலையான கட்டணத்தை ஒரு டாலர் உயர்த்தினார்கள், தள்ளுபடியை 4 டாலராகக் குறைத்தார்கள், ஒருவருக்கு மாதத்துக்கு 30 பயணங்கள் என்று வரம்பும் வைத்தார்கள். 30 பயணங்கள் என்றால் போக வர 15 நாள். மாதத்தில் இருபது நாளுக்கு மேல் வேலைக்குப் போகிறவருக்கு இது போதாது. பயணிகள் கூடியதற்காக மகிழ வேண்டிய ஒரு பொதுச் சேவை, பயணிகளைக் குறைக்க வழி தேடியது. இந்தச் சோதனையில் என்னை யோசிக்க வைத்த இடம் இதுதான்.

ஏன் அப்படி ஆனது?

மாணவர்கள் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பேருந்தை ஒரு மணி நேரம் ஓட்ட 100 டாலர் ஆகிறது, வாடகைக் காரில் ஒரு பயணத்துக்கு 7 டாலர் மானியம் ஆகிறது என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். அந்த ஒரு மணி நேரத்தில் 5 பேர் வந்தால் பேருந்துக்கு 100, காருக்கு 35. கார்தான் சிக்கனம். 25 பேர் வந்தால் பேருந்துக்கு அதே 100, காருக்கு 175. ஏறத்தாழ 14 பேர் என்ற இடத்தில் இரண்டும் சமமாகின்றன. பேருந்தில் கூட்டம் சேரச் சேர ஆளுக்கு ஆகும் செலவு குறைகிறது. வாடகைக் காரில் ஆள் கூடும்போதெல்லாம் மொத்தச் செலவும் கூடவே ஏறுகிறது.

ஷேர் ஆட்டோ போல ஒரே காரில் சிலரைச் சேர்த்து ஏற்றினால் செலவு இறங்கும். ஆனால் ஒரே நேரத்தில் ஒரே திசையில் போகும் இருவர், வீடுகள் சிதறிய ஊரில் அடிக்கடி அமைய மாட்டார்கள்.

இன்னிஸ்ஃபில் செய்தது தவறு என்று நான் சொல்லமாட்டேன். ஒன்றுமே இல்லாத ஊரில் 86,000 முறை மக்கள் வெளியே போய்வர முடிந்தது பெரிய விஷயம். மக்கள் எங்கிருந்து எங்கே போக விரும்புகிறார்கள் என்பதும் அதனால் வெளிப்பட்டது. அந்தப் பயணங்கள் குவியும் பாதையில் பேருந்தை விட்டு, மற்ற இடங்களிலிருந்து அந்தப் பாதைக்கு மட்டும் காருக்கு மானியம் கொடுத்திருந்தால் வரம்பு வைக்கும் தேவை குறைந்திருக்கும் என்பது என் கருத்து. ஏரிக்கரையிலுள்ள அல்கோனாவிலிருந்து 400 ஆம் எண் நெடுஞ்சாலை வரை நேராகப் போகும் இன்னிஸ்ஃபில் பீச் சாலை அதற்கு ஏற்ற பாதை. ஊராட்சி அலுவலகமும் அதன் மேலேயே இருக்கிறது.

பிராம்ப்டன்

டொராண்டோவுக்கு மேற்கே உள்ள பிராம்ப்டன் அளவில் மிகப் பெரியது. 2021 இல் மக்கள்தொகை 6,56,480. இன்னிஸ்ஃபிலோடு நேராக ஒப்பிட முடியாது என்றாலும், இதுவும் தனி வீடுகளும் அகன்ற சாலைகளும் கொண்ட கார் ஊர்தான். அதற்கு ஒரு அனுகூலம் உண்டு. உட்தெருக்கள் வளைந்திருந்தாலும் பெரிய சாலைகள் சதுரங்கக் கட்டம்போல நேராக ஓடுகின்றன. பேருந்தை உட்தெருவுக்குள் இழுக்காமல் பெரிய சாலையிலேயே நேராக ஓட்டினார்கள். ஆட்கள் சிறிது தூரம் நடந்து வர வேண்டும். வந்தால் வண்டி சீக்கிரம் கிடைக்கும்.

2010 செப்டம்பரில் குயீன் தெருவில் ‘சூம்’ என்ற விரைவுப் பேருந்து தொடங்கியது. குறைந்த நிறுத்தங்கள், சிக்னலில் பேருந்துக்கு முன்னுரிமை, அடிக்கடி வண்டி. தனிப் பாதையோ மேம்பாலமோ கட்டவில்லை. யார்க் பல்கலைக்கழகம் வரை அது சென்றதால் மாணவர்கள் திரண்டார்கள். 2009 இல் நகரப் பேருந்துகளில் ஆண்டுக்குச் சுமார் 1.2 கோடிப் பயணங்கள் நடந்தன. 2018 இல் அது 3 கோடியைத் தாண்டியது. மக்கள்தொகை வளர்ந்த வேகத்தைவிட இது பன்மடங்கு. புறநகர்க்காரர்கள் பேருந்தில் ஏறமாட்டார்கள் என்ற பேச்சுக்கு இதைவிட நல்ல பதில் தேவையில்லை. இப்போது அங்கே கேட்கும் புகார், வண்டியில் ஏற இடமில்லை என்பது.

எல்லாமே சுமுகமாக நடந்துவிடவில்லை. மெயின் தெரு வழியே நகர மையம் வரை வரவிருந்த இலகு ரயிலை நகர மன்றம் 2015 இல் 7-க்கு 4 என்ற வாக்கில் நிராகரித்தது. மாகாண அரசு கட்டுமானச் செலவை ஏற்க முன்வந்தும் அப்படி நடந்தது.

இன்னொரு தடையாக இருந்தது கட்டணம். ஒரு நகரின் பேருந்திலிருந்து டொராண்டோ வண்டிக்கு மாறினால் மறுபடி கட்டணம் கொடுக்க வேண்டியிருந்தது. 2024 பிப்ரவரியில் ஒன்டாரியோ அரசு ஒரே கட்டண முறையைக் கொண்டுவந்த பிறகு, குறிப்பிட்ட நேரத்துக்குள் மாறினால் இரண்டாவது கட்டணம் இல்லை.

நிறுத்தம் வரை நடப்பது

பெரிய சாலையில் பேருந்து விட்டால் அங்கே நடந்து போக வழி வேண்டும். ஆறு தடச் சாலையின் ஒரு பக்கம் நிறுத்தம், மறுபக்கம் வீடு என்றால் முதியவர் அதைக் கடப்பது எளிதல்ல. நடைபாதை, கடக்கப் போதுமான பச்சை விளக்கு நேரம், முட்டுச்சந்தின் கோடியிலிருந்து பெரிய சாலைக்கு ஒரு குறுக்குவழி ஆகியவை பேருந்து வாங்குவதைவிட மலிவானவை. ஆனாலும் பல ஊர்களில் இவை கடைசியாகவே கவனிக்கப்படுகின்றன. கனடாவில் குளிர்காலத்தில் நிறுத்தத்தின் பனியை யார் அள்ளுவது என்ற கேள்வியும் சேர்ந்துகொள்கிறது. கார்ப் பாதையின் பனியைத் தள்ளும் வண்டி, அதைக் கொண்டுபோய் நிறுத்தத்தின் ஓரத்தில்தான் குவிக்கிறது.

இன்னிஸ்ஃபிலில் ரயில் நிலையம் ஒன்றும், அதைச் சுற்றி ‘ஆர்பிட்’ என்ற பெயரில் நெருக்கமான குடியிருப்பும் திட்டமிடப்பட்டுள்ளன. அங்கே முதல் குடும்பங்கள் குடியேறும்போதே பேருந்தும் நடைபாதையும் தயாராக இருக்க வேண்டும். வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், வீட்டுக்கு இரண்டு கார் வாங்கிய பின்னரே பேருந்து வந்து சேரும்.