சின்னமலை முதலாளியும் அவர் வீட்டுக் கூத்தும்

‘காதலிக்க நேரமில்லை’ என்றதும் நாகேஷ் கதை சொல்லும் காட்சிதான் எல்லோருக்கும் நினைவு வரும். ஆனால் அந்தப் படத்தின் குழப்பமெல்லாம் ஒரு வேலைநீக்கத்திலிருந்து கிளம்புகிறது. மூணாறிலும் நெல்லியாம்பதியிலும் எஸ்டேட்டில் உழைக்கும் நம்மவர்கள் இதை மறந்திருக்க மாட்டார்கள்.

‘கல்யாணப் பரிசு’, ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ என்று கண்ணீர்க் கதைகளுக்குப் பெயர் வாங்கியிருந்த டைரக்டர் ஸ்ரீதர், நண்பர் கோபுவுடன் சேர்ந்து 1964-ல் தந்த வண்ணச் சித்திரம் இது. கதை நடக்கும் சின்னமலை கற்பனை ஊர். படம்பிடித்த ஆழியாறு கற்பனையல்ல. பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை செல்லும் சாலையில், மலையடிவாரத்தில் இருக்கிறது. பாலக்காட்டுக்காரர்களுக்குப் பொள்ளாச்சி போய் இன்னொரு பஸ் மாறும் தூரம்தான். அந்த ஆற்றுத் தண்ணீர் சித்தூர்ப் பக்கம்தானே இறங்கி வருகிறது!

எஸ்டேட் ஊழியன் அசோக் (புதுமுகம் ரவிச்சந்திரன்), முதலாளி விசுவநாதனின் இரண்டு பெண்களோடு வழியில் வாய்ச்சண்டை போடுகிறான். அதோடு வேலை போகிறது. அவன் பங்களா எதிரிலேயே கூடாரம் அடித்து, வேலையைத் திருப்பிக் கேட்டு ஆடிப்பாடுகிறான். முதலாளி மசியவில்லை. தான் ஒரு கோடீசுவரரின் ஒரே வாரிசு என்று அவன் ஒரு புளுகை அவிழ்த்துவிட்ட பிறகுதான் உபசாரம் தடபுடலாகிறது. எஸ்டேட்டில் வேலை பார்க்கத் தகாதவன், மாப்பிள்ளையாகத் தகுதி பெற்றுவிடுகிறான்! நண்பன் வாசு (முத்துராமன்) கிழவேடம் போட்டுக்கொண்டு பொய்த் தகப்பனாக வந்து நிற்க வேண்டியதாகிறது.

அரங்கில் இதற்குச் சிரிக்காதவர் இல்லை. 2015 செப்டம்பரில் மூணாறுச் சாலையில் உட்கார்ந்த பெண் தொழிலாளர்களுக்கு இப்படிக் கூட்டிவர ஒரு பணக்காரத் தகப்பன் இருக்கவில்லை. ‘பெம்பிளை ஒருமை’ என்ற பெயரில் ஒன்பது நாள் உட்கார்ந்தே 20 சதவீத போனசைப் பெற்றார்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள்.

முதலாளி வீட்டுக்குள்ளும் இதே கதைதான். வாசலில் அசோக் வேலை கேட்கிறான் என்றால், உள்ளே பெற்ற மகன் செல்லப்பா முதல் கேட்கிறான். சினிமா எடுக்க ‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’ என்று கம்பெனிக்குப் பெயர் வைத்தாயிற்று. எஸ்டேட் மானேஜர் மகளைக் (சச்சு) கதாநாயகியாகவும் பிடித்தாயிற்று. கையில் காசு மட்டும் இல்லை. அப்பாவின் இரும்புப் பெட்டி திறந்தால்தானே!

அந்தப் பெட்டியைத் திறக்கத்தான் மகன் கதை சொல்கிறான். கதை என்று பார்த்தால் அதில் ஒன்றுமில்லை. இருட்டு, ஏதோ ஒரு சத்தம், யாரோ வருவது போல ஒரு பாவனை, அவ்வளவே. நாகேஷ் குரலையும் கையையும் வைத்துக்கொண்டு பயமுறுத்த, எதிரே பாலையா கண்ணை உருட்டி, மூச்சைப் பிடித்து, நாற்காலியில் சுருங்குகிறார். நாகேஷைப் புகழ்கிறவர்கள் பாலையாவை மறந்துவிடுகிறார்கள். கேட்கிறவர் இப்படி நடுங்கியிராவிட்டால் சொல்கிறவர் வெறும் கோமாளியாகியிருப்பார். வில்லன் வேடங்களில் ஊரை மிரட்டிய பாலையா, இதில் மகனிடம் மிரண்டு அதைச் சாதித்தார். ‘திருவிளையாடல்’ ஹேமநாத பாகவதர் அடுத்த வருஷம்தான் வந்தார்.

நாகேஷோ தாராபுரத்தில் வளர்ந்தவர். சினிமாவுக்கு முன் ரயில்வேயில் குமாஸ்தா. நாற்காலி வேலையிலிருந்து வந்த மனிதர் என்பதில் நம் ஆபீஸ் நண்பர்களுக்கு ஒரு தனிப் பிரியம் உண்டு.

மலையாள நண்பர்களும் இந்தப் படத்தை ஓரளவு தங்களுடையது என்று சொல்லலாம். ஒளிப்பதிவாளர் ஏ. வின்சென்ட் கோழிக்கோட்டுக்காரர், அதே 1964-ல் பஷீரின் ‘பார்கவி நிலைய’த்தை டைரக்ட் செய்தவர். இளைஞரான ஏசுதாஸ் விசுவநாதன் - ராமமூர்த்தி இசையில் பாடியிருக்கிறார்.

தெலுங்கில் 1965-லும், ஸ்ரீதரே டைரக்ட் செய்து இந்தியில் ‘பியார் கியே ஜா’ என்று 1966-லும் கதை போனது. நாகேஷ் வேடத்தை இந்தியில் செய்த மெஹமூதுக்கு ஃபிலிம்ஃபேரின் சிறந்த நகைச்சுவை நடிகர் விருது கிடைத்தது. தகப்பனாக நடித்த ஓம் பிரகாஷும் நன்றாகவே பயந்திருக்கிறார். ஆனாலும் பாலையாவின் அந்த முழி அவருக்கு வரவில்லை என்பதே இந்தக் கட்டுரையாளனின் கட்சி.