தப்பான விடையே அடையாளம்

பழைய சயின்டிஃபிக் கால்குலேட்டர் ஒன்று கைக்கு வந்தால், விவரமான சேகரிப்பாளர் அது எங்கே சறுக்குகிறது என்றுதான் முதலில் பார்ப்பார்.

1972-இல் 395 டாலர் விலையில் வந்த ஹெச்பி-35-ஐ எடுத்துக்கொள்வோம். சைன், லாக் எல்லாம் சட்டைப்பைக்குள் அடங்கியது இதிலிருந்துதான். ஸ்லைடு ரூல் இதன்பிறகு தலைதூக்கவே இல்லை. இதில் சமக்குறிப் பொத்தான் கிடையாது. 2, என்டர், 3, அப்புறம் + என்று அடிக்க வேண்டும். ‘இரண்டையும் மூன்றையும் கூட்டு’ என்று பேசிப் பழகிய நமக்கு இது சீக்கிரம் பிடிபட்டுவிடும். முதலில் வந்தவற்றில் ஒரு பிழை இருந்தது. 2.02-க்கு இயல் மடக்கை கண்டு, அதை அப்படியே e-இன் அடுக்காக்கினால் 2.02 திரும்ப வர வேண்டும்; வந்ததோ வெறும் 2! பிழை தெரிவதற்குள் ஏறத்தாழ 25,000 விற்றாகிவிட்டது. நிறுவனம் மாற்றித் தருவதாகச் சொல்லியும் பலர் கொடுக்கவில்லை. இன்று கிராக்கி அந்தப் பிழை உள்ளதற்குத்தான்.

1974-இல் பிரிட்டனில் வந்த சின்க்ளேர் சயின்டிஃபிக் இன்னும் வேடிக்கை. அதன் சில்லில் 320 கட்டளைகளுக்குத்தான் இடம். பை முதலான மாறிலிகளை உள்ளே வைக்க வழியில்லாமல், மேல்மூடியிலேயே அச்சடித்துவிட்டார்கள். கடைசி இலக்கங்களை நம்ப முடியாது. ஆனாலும் அந்தச் சிக்கனத்தை மூளை என்றுதான் சொல்வேன்.

டிகிரியில் கணக்கிடும் எந்தக் கருவிக்கும் பொருந்தும் சோதனை ஒன்று உண்டு. டிகிரியில் வைத்து, 9-க்கு சைன், அதற்கு காஸ், அதற்கு டேன் காணுங்கள். பிறகு டேன், காஸ், சைன் வரிசையில் நேர்மாறுகளை எடுங்கள். 9 வர வேண்டும். நடுவில் காஸ் மதிப்பு 0.999996-ஐ ஒட்டி வந்து நிற்கிறது. பத்து இலக்கக் கருவியில் பாதி இலக்கங்களை அந்த ஒன்பதுகளே விழுங்கிவிட, மீதியை வைத்துத்தான் திரும்பி வர வேண்டும். எத்தனை இலக்கம் வைத்துக்கொள்கிறது, எப்படி முழுமையாக்குகிறது என்பதைப் பொறுத்து விடை மாறும். ஒரே விடை தரும் இரண்டு பிராண்டுகளுக்குள் ஒரே சில் இருக்கக்கூடும்.

வாங்குவதற்கு முன் பேட்டரி அறையைத் திறந்து பாருங்கள். நிக்கல்-காட்மியம் செல் கசிந்து தகடு அரித்திருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். ஹெச்பி-25 வகையறாவை, பேட்டரி இல்லாமல் சார்ஜரில் மட்டும் ஓட்டிப் பார்க்கவே வேண்டாம். உள்ளிருக்கும் சில் போய்விடும்.