பூட்டிய கடையில் தீ! ஊரை எழுப்புவது யார்?

சாலவாக்கம், உத்திரமேரூர் பக்கத்து ஊர்களில் ராத்திரி கடைத்தெரு சீக்கிரமே அடங்கி விடும். ஷட்டரை இழுத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் சொருகிக் கொண்டு முதலாளி வீட்டுக்குப் போய் விடுவார். உள்ளே பிரிட்ஜ் ஓடிக் கொண்டிருக்கும். சாமி படத்துக்கு மேலே சின்ன பல்பு எரியும். அந்த ஒயர் உருகினால்?

"நம்ம மளிகைக் கடைக்கு எதுக்குங்க பயர் அலாரம்? அதெல்லாம் தி.நகர் ஜவுளிக் கடைக்கு!" என்று சிரிப்பவர்கள்தான் அதிகம்.

சரி, தி.நகர் கதையையே பார்ப்போம்.

அதிகாலையில் கரும்புகை

2017-ம் ஆண்டு மே மாதம் 31-ந் தேதி. அதிகாலை நேரம். உஸ்மான் சாலையில் உள்ள சென்னை சில்க்ஸ் கடையின் கீழ்த்தளத்தில் இருந்து குபுகுபு என்று புகை கிளம்பியது. வியாபாரம் முடிந்து கடை பூட்டிக் கிடந்தது. மேல் மாடியில் இருந்த ஊழியர்களை தீயணைக்கும் படையினர் பத்திரமாகக் கீழே இறக்கினார்கள். தீ மட்டும் அடங்கவில்லை. பகல் முழுவதும் எரிந்தது. இரவும் எரிந்தது. மறுநாள் கட்டிடத்தின் ஒரு பகுதி மடமடவென்று சரிந்தது. மிச்சத்தையும் இடித்துத் தள்ள வேண்டியதாயிற்று.

(மூர் மார்க்கெட் சாம்பலானதும் 1985-ம் ஆண்டு மே 30-ந் தேதிதான். இரண்டுமே அக்னி நட்சத்திரம் முடிந்த கையோடு!)

ஏழு மாடியோ ஒற்றை ஷட்டரோ, பூட்டிய கடைத் தீ ஒரே ஜாதிதான். ஆள் பார்க்காத ஒவ்வொரு நிமிடமும் அதற்குத் தீனி. அந்த தி.நகரிலேயே இந்தக் கதி. கிராமத்தில் 101-க்கு போன் போட்டு, வண்டி புறப்பட்டு, இருட்டில் வழி கேட்டு வருவதற்குள் என்ன மிஞ்சும்?

ஆகவே அலாரம் வாங்கப் போகிறவர் முதலில் கேட்க வேண்டியது "என்ன விலை?" என்று அல்ல. "ராத்திரி 2 மணிக்கு இது அலறினால் யார் காதில் விழும்?" என்பதுதான்.

எலிக்கு மட்டும் கேட்கும் சங்கு

அபாயச் சங்கை கடைக்குள்ளேயே மாட்டி விட்டுப் போனால் எலிதான் கேட்கும். வெளியேயும் ஒன்று வேண்டும். அதுவும் ஆள் படுத்திருக்கும் வீட்டைப் பார்த்து. வீடு தள்ளி இருந்தால், சிம் கார்டு போட்ட டயலர் கிடைக்கிறது. புகை பிடித்ததும் அதுவே போன் செய்யும். உங்கள் நம்பரை மட்டும் போட்டால் போதாது. நீங்கள் கல்யாணத்துக்கு வெளியூர் போயிருக்கும் அன்றைக்குத்தான் பிடிக்கும்! பக்கத்துக் கடைக்காரர் நம்பரும் இருக்கட்டும்.

புகையா, சூடா?

துணி, காகிதம், அட்டைப் பெட்டி உள்ள கடைக்கு ஸ்மோக் டிடெக்டர். இவை முதலில் புகைந்து, பிறகுதான் கொழுந்து விட்டு எரியும். டிடெக்டருக்குள்ளே ஒரு குட்டி இருட்டறை. அதில் ஒரு சிறு விளக்கு, ஒரு 'கண்'. விளக்கு வெளிச்சம் கண் மேல் படாது. புகை நுழைந்தால் வெளிச்சம் சிதறி கண்ணில் படும். உடனே அலறல்.

சிக்கல் என்னவென்றால், தூசி நுழைந்தாலும் அதே கதைதான். நெல் அரைக்கும் மில்லில் தவிட்டுத் தூசி. கல் குவாரி லாரி ஓடும் ரோட்டோரக் கடையில் கல் தூசி. டீக்கடையில் ஆவி. இங்கே எல்லாம் ஸ்மோக் டிடெக்டர் மாட்டினால் தினமும் சும்மா அலறும். நாலாம் நாள் முதலாளியே எரிச்சலில் ஒயரைப் பிடுங்கி விடுவார். ஐந்தாம் நாள் நிஜத் தீ வந்தால்?

இந்த இடங்களுக்கு சூட்டைக் கண்டுபிடிக்கும் ஹீட் டிடெக்டர்தான் சரி. கொஞ்சம் தாமதம்தான், ஆனால் சும்மா கத்தாது. சாதாரண ரகம் 57, 58 டிகிரியில் வேலை செய்யும். தகரக் கொட்டகையா? சித்திரை வெயிலில் தகரம் கையை வைக்க முடியாமல் கொதிக்குமே! அதற்கு மேல் டிகிரி ரகம் கேட்டு வாங்க வேண்டும். இதை எல்லா ஏஜெண்டும் சொல்ல மாட்டார்கள்.

மற்றபடி, சின்னக் கடைக்கு இரண்டு 'ஜோன்' உள்ள சாதாரண பேனலே தாராளம். எந்த அறையில் எந்த டிடெக்டர் என்று தனித்தனியாகக் காட்டும் விலை உயர்ந்த 'அட்ரசபிள்' பேனல் பல மாடிக் கட்டிடத்துக்கு. வாசல் பக்கம் கண்ணாடியை உடைக்கும் சிவப்புப் பெட்டி ஒன்று கட்டாயம். ஐ.எஸ். 2189 என்ற இந்தியத் தர விதிப்படி மாட்டித் தருவீர்களா என்று கேட்டுப் பாருங்கள். விழித்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

உயிர் இருப்பது பேட்டரியில்

மின் கசிவு ஏற்பட்டால் பியூஸ் போய் கரண்ட் நின்று விடும். அப்போது அலாரம் பேட்டரியில்தான் ஓட வேண்டும். பேட்டரி மூன்று, நான்கு வருஷத்தில் செத்து விடும். பேனலில் பச்சை விளக்கு எரிகிறதே என்று இருந்து விடக் கூடாது.

மாட்டி முடித்து ஏஜெண்ட் பில்லை நீட்டும்போது, மெயினை ஆப் செய்யுங்கள். ஒரு டிடெக்டரைக் கழற்றச் சொல்லுங்கள். பேனலில் பழுது விளக்கு எரிய வேண்டும். அதைத் திரும்ப மாட்டி விட்டு, சிவப்புப் பெட்டிக் கண்ணாடியை உடைக்கச் சொல்லுங்கள். நீங்கள் கடையில் நிற்காதீர்கள். வீட்டில் உங்கள் கட்டிலில் போய்ப் படுத்துக் கொள்ளுங்கள், மின்விசிறியும் ஓடட்டும். சத்தம் அங்கே கேட்ட பிறகு வந்து பணத்தை எண்ணிக் கொடுக்கலாம்.